பிட்: யார் கேட்கிறார், யார் தருகிறார்?

பங்குச் சந்தைத் திரையில் ஒரு பங்கின் பெயரைத் தட்டினால் இரண்டு விலைகள் வரும். ஒன்று பிட் (bid), இன்னொன்று ஆஸ்க் (ask). பிட் 99.90, ஆஸ்க் 100.10 என்று வைத்துக்கொள்வோம். இதில் வாங்குகிறவர் விலை எது, விற்கிறவர் விலை எது என்று புதிதாக வருபவர்கள் தடுமாறுவதற்குத் தமிழே பாதிக் காரணம். ஏலத்தில் வாங்க வந்து நிற்பவரை "ஏலம் கேட்கிறவர்" என்கிறோம். "நீ எவ்வளவுக்குக் கேட்டே?" என்றால் எவ்வளவு தருவதாகச் சொன்னாய் என்று அர்த்தம். அதே பழக்கத்தில் ஆஸ்க் என்பதைக் "கேட்பு விலை" என்று மொழிபெயர்த்து வைத்தால், வாங்க வந்தவர் கேட்கும் விலை என்றுதான் மனதில் பதியும். உண்மை நேர் எதிர். ஆஸ்க் என்பது விற்பவர் எதிர்பார்க்கும் விலை. வாங்குபவர் தர முன்வரும் விலைதான் பிட். நம் ஏலக் கேள்விக்கு இணை பிட்டே தவிர ஆஸ்க் அல்ல.

பங்கு கையில் இருந்து உடனே விற்றாக வேண்டும் என்றால் கிடைப்பது 99.90. உடனே வாங்கியாக வேண்டும் என்றால் கொடுப்பது 100.10. அவசரப்படுகிறவருக்கு எப்போதும் சாதகமில்லாத விலைதான் என்று நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. இரண்டுக்கும் நடுவே உள்ள 0.20 தான் ஸ்ப்ரெட். ஆயிரம் பங்கை வாங்கிய கையோடு விற்றால், தரகுக் கட்டணத்தைச் சேர்க்காமலே 200 நஷ்டம்.

திரையில் பெரிய எழுத்தில் தெரியும் "கடைசி விலை" இந்த இரண்டில் எதுவும் இல்லை. அது முடிந்துபோன ஒரு வியாபாரத்தின் விலை, அவ்வளவுதான். அதிகம் கைமாறாத பங்கில் கடைசி விலை 100 என்று காட்டும்போதே பிட் 95, ஆஸ்க் 105 என்று நிற்கும். அங்கே, கிடைக்கிற விலைக்கு உடனே வாங்கு என்று மார்க்கெட் ஆர்டர் போடுபவருக்கு 105-க்கு வந்து விழும். இதற்கு மேல் தரமாட்டேன் என்று லிமிட் ஆர்டராக 97 போட்டால், அந்த நொடியிலிருந்து திரையில் தெரியும் பிட் உங்களுடையது. 95 பின்வரிசைக்குப் போய்விடும். பிட் பக்கத்தில் இருக்கும் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். 99.90-க்கு 300 பங்குக்குத்தான் ஆள் இருக்கிறது என்றால், ஆயிரத்தை மொத்தமாகத் தள்ளுகிறவருக்கு முதல் 300 மட்டுமே அந்த விலையில் போகும். மீதி கீழே கீழே போகும்.

நாணயம் மாற்றும் இடத்திலும் இதே கதைதான். ஆனால் அங்கே பலகை மாற்றுகிறவருடையது. பலகையில் பிட் என்று இருந்தால் அவர் உங்களிடமிருந்து வாங்கும் விலை. நீங்கள் வாங்கும் விலை அல்ல. "வாங்கும் விலை" என்று தமிழில் எழுதி வைத்திருந்தாலும் இந்தக் குழப்பம் தீராது. யார் வாங்கும் விலை என்று எழுதியிருந்தால்தான் தீரும்.

இரண்டு வினைகள் ஒன்றாகிப் போனவை

அகராதியில் பிட் என்ற சொல்லைப் பிரித்தால் ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்கள் வரும்: விலை சொல்வது, கட்டளையிடுவது, விடைபெறுவது, வரவேற்பது, முயற்சி. பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டு தனி வினைகள். "பிட்டன்" என்றால் வேண்டுவது, இறைஞ்சுவது, கட்டளையிடுவது. "பேஓடன்" என்றால் முன்வைப்பது, அறிவிப்பது. ஜெர்மன் இன்றும் இவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறது: வேண்டுவதற்கு "பிட்டென்", விலை முன்வைப்பதற்கு "பீட்டென்". ஆங்கிலத்தில் இரண்டும் ஓசையில் நெருங்கி ஒன்றாகிவிட்டன. மணி என்பதற்கான "பீட்" என்ற சொல்லும் இந்தக் குடும்பம்தான். முதலில் அதற்குப் பிரார்த்தனை என்று பொருள். பிரார்த்தனையை எண்ண உருட்டிய மணிக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இதை வெறும் சொல்லாராய்ச்சி என்று தள்ளிவிட முடியாது, ஏனென்றால் இறந்தகால வடிவம் இதில்தான் நிற்கிறது. விலை சொன்ன பொருளில் மூன்று காலத்துக்கும் ஒரே வடிவம்: பிட், பிட், பிட். "நேற்று ஐயாயிரத்துக்குக் கேட்டார்" என்பதற்கும் பிட் தான். "பிட்டட்" என்று ஒரு வடிவம் பேச்சில் அடிக்கடி காதில் விழுகிறது. அலுவல் கடிதத்தில் அது எழுத்துப் பிழையாகவே பார்க்கப்படும். கட்டளை, விடைபெறுதல் ஆகிய பொருள்களில் மட்டும் இறந்தகாலம் "பேட்", முற்று வடிவம் "பிட்டன்". இந்த "பேட்" கெட்டது என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் போலவே ஒலிப்பது பழைய வழக்கு. "பெய்ட்" என்பதையும் இன்றைய அகராதிகள் ஏற்கின்றன. கட்டளைப் பொருளில் இன்னொரு பொறி உண்டு: அடுத்து வரும் வினைக்கு முன்னால் "டு" வராது. "பேட் ஹிம் கோ" என்பதே மரபு. "அன்பிட்டன்" என்றால் அழையாமல் வந்தது. நினைவு, கண்ணீர் போன்றவற்றுக்குப் பக்கத்தில் வரும். "ஃபர்பிட்" என்ற தடைவினையும் உறவுக்காரர்தான். அதன் இறந்தகாலம் "ஃபர்பேட்".

முன்னிடைச் சொற்களில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். பொருளுக்கு "பிட் ஆன்" அல்லது "பிட் ஃபார்", ஒப்பந்தத்துக்கும் அப்படியே. எதிராளிக்கு "பிட் அகெய்ன்ஸ்ட்". விலையை ஏற்றிவிடுவது "பிட் அப்". ஒருவரை மிஞ்சுவது "அவுட்பிட்". இதற்கும் மூன்று காலமும் ஒன்றே. "அண்டர்பிட்" இருமுனை கொண்டது. ஏலத்தில் அது பொருளின் மதிப்புக்குக் குறைவாகக் கேட்டுத் தோற்பது. டெண்டரில் போட்டியாளரைவிடக் குறைத்துப் போட்டு ஜெயிப்பது. வாக்கியத்தை மட்டும் வைத்து மொழிபெயர்த்தால் தலைகீழாகிவிடும்.

ஏலத்தில்

ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று ஏறுகிற ஏலத்தில் நீங்கள் சொல்லும் விலை சட்டப்படி என்ன? ஆங்கிலச் சட்ட மரபில் அது ஒரு முன்மொழிவு. சுத்தியல் விழுந்தால்தான் ஏற்பு. விழும் முன் கேட்டவர் பின்வாங்கலாம் என்பது இங்கிலாந்தில் 1789-ல் பெய்ன் எதிர் கேவ் வழக்கில் முடிவானது. ஆனால் இணைய ஏலத் தளங்கள் தங்கள் விதிமுறையில் பின்வாங்கலைக் கட்டுப்படுத்தியிருக்கும். பொத்தானை அழுத்துமுன் அந்த ஒரு பத்தியையாவது படித்துவிட வேண்டும்.

தொடக்க விலையும் ரிசர்வ் விலையும் ஒன்றல்ல. தொடக்க விலை எல்லோருக்கும் தெரியும். ரிசர்வ் பெரும்பாலும் ரகசியம். அதைத் தொடாவிட்டால் மிக உயர்ந்த விலை சொன்னவருக்கும் பொருள் கிடைக்காது. ரிசர்வுக்குக் கீழே இருக்கும்வரை ஏலம் விடுபவர் விற்பவர் சார்பில் இல்லாத கேள்வியை இருப்பதாகக் காட்டி விலையை ஏற்றுவதும் உண்டு. அதற்கு "ஷாண்டிலியர் பிட்" என்று பெயர். கூரையில் தொங்கும் சரவிளக்கு கேட்டதாம். விற்பவரே ஆள் வைத்து ரகசியமாக ஏற்றுவது "ஷில் பிட்டிங்". அது மோசடி.

அடுத்து, சுத்தியல் விலை நீங்கள் கட்டும் விலை அல்ல. 2017 நவம்பரில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நிறுவனம் விற்ற "சால்வட்டோர் முண்டி" ஓவியத்துக்குச் சுத்தியல் விழுந்தது 40 கோடி டாலரில். வாங்கியவர் கட்டியது சுமார் 45 கோடி. நடுவில் உள்ளது பையர்ஸ் பிரீமியம், அதாவது ஏல நிறுவனம் வாங்குபவரிடம் கூடுதலாக வாங்கும் கட்டணம். சிறிய பொருள்களுக்கு இந்தப் பிரீமியத்தின் சதவீதம் இதைவிட அதிகமாக இருப்பதே வழக்கம். ஆகவே உச்சவரம்பு போடும்போது பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். கையில் 10,000, பிரீமியம் 25 சதவீதம் என்றால் நீங்கள் கேட்கக்கூடிய அதிகபட்சம் 8,000. பத்தாயிரத்தில் 25 சதவீதத்தைக் கழித்து 7,500 என்று போடுவது தவறு, 10,000-ஐ 1.25-ஆல் வகுக்க வேண்டும்.

இணைய ஏலத்தில் நடப்பதை எண்களோடு பார்த்தால்தான் புரியும். தொடக்கம் 1,000, ஏற்றப் படி 100. முதலாமவர் தன் உச்சவரம்பு 5,000 என்று போடுகிறார். திரையில் தெரிவது 1,000 மட்டுமே; மீதியைத் தளம் ரகசியமாக வைத்துக்கொண்டு அவர் சார்பில் கேட்கும். இரண்டாமவர் 3,000 போடுகிறார். உடனே விலை 3,100 ஆகும், முன்னிலையில் முதலாமவர். இரண்டாமவர் எரிச்சலோடு 3,500 போட்டால் 3,600. இப்படி நூறு நூறாக ஏற்றுகிறவர் எதிராளியின் வரம்பைத் தடவிப் பார்க்கிறார், தன் செலவில் அல்ல, முதலாமவர் செலவில். மூன்றாமவர் 6,200 போட்டால் விலை 5,100-ல் நிற்கும். 6,200 கட்ட வேண்டியதில்லை. அவர் 5,040 மட்டும் போட்டிருந்தால்? பல தளங்களில் 5,040-க்கே அவர் ஜெயிப்பார், முழுப் படி ஏறாவிட்டாலும். வரம்பை 5,000 என்று முழு எண்ணில் போடாமல் 5,013 என்று போடும் பழக்கம் அதனால்தான் வந்தது. இருவரும் ஒரே தொகை போட்டால் முன்னால் போட்டவருக்கே.

கடைசி நொடியில் வந்து கேட்பது "ஸ்னைப்பிங்". எதிராளிக்கு யோசிக்க நேரம் தராததால் அது பலிக்கிறது. சில தளங்களில் கடைசி நிமிடங்களில் கேள்வி வந்தால் முடியும் நேரம் தானாக நீளும். அங்கே ஸ்னைப்பிங் வீண் வேலை. எந்த வகைத் தளம் என்று தெரியாமல் கடைசி நொடிக்குக் காத்திருப்பது, வலைத்தொடர்பு அறுந்தால் கைக்கெட்டாமல் போவதற்கான வழி.

உறை ஏலத்தில் கணக்கு வேறு. உறையில் எழுதிய தொகையையே கட்ட வேண்டும் என்றால் உங்கள் மனதில் உள்ள உண்மை மதிப்பை எழுதக் கூடாது, ஏனென்றால் ஜெயித்தாலும் லாபம் பூஜ்யம். எவ்வளவு குறைக்கலாம்? போட்டியாளர்களின் மதிப்பு பூஜ்யத்திலிருந்து ஒரே வரம்புக்குள் சீராகப் பரவியிருப்பதாக வைத்துக்கொண்டால், இருவர் போட்டியில் உங்கள் மதிப்பில் பாதியை எழுதலாம், ஐவர் போட்டியில் ஐந்தில் நான்கை எழுதலாம் என்று பாடநூல் விடை. நடைமுறையில் யாரும் இப்படித் துல்லியமாகப் போடுவதில்லை. ஆனால் ஆள் கூடக்கூடக் குறைக்கும் இடம் சுருங்கும் என்பது மட்டும் அப்படியே பொருந்தும்.

பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி 1961-ல் அலசியது வேறொரு ஏற்பாடு: உயர்ந்த தொகை எழுதியவருக்கே பொருள், ஆனால் கட்டுவது இரண்டாவது தொகை. உங்கள் மதிப்பு 8,000 என்று வைப்போம். 7,000 என்று குறைத்து எழுதி, எதிராளி 7,500 எழுதியிருந்தால், 500 லாபத்தில் கிடைத்திருக்க வேண்டிய பொருள் போயிற்று. 9,000 என்று கூட்டி எழுதி, எதிராளி 8,600 எழுதியிருந்தால், ஜெயித்து 600 நஷ்டம். 8,000 என்று உள்ளதை எழுதுவதே சிறந்தது. மேலே சொன்ன இணையத் தள ஏலமும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான், முகமூடி போட்டுக்கொண்டு. விக்ரிக்கு இதையும் உள்ளடக்கிய பணிகளுக்காக 1996-ல் பொருளாதார நோபல் கிடைத்தது.

பொருளின் மதிப்பு எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் யாருக்கும் சரியாகத் தெரியாது என்ற நிலையில் வருவது "வின்னர்ஸ் கர்ஸ்", ஜெயித்தவரின் சாபம். கடலடி எண்ணெய்ப் பாத்தியை நினைத்துப் பாருங்கள். பத்து நிறுவனங்கள் மதிப்பிடுகின்றன. சராசரி சரியாகவே இருக்கும். ஆனால் ஜெயிப்பது சராசரி அல்ல, மிக அதிகமாக மதிப்பிட்டவர். ஜெயித்ததே நீங்கள் தப்புக் கணக்குப் போட்டதற்கு அடையாளம். மெக்சிகோ வளைகுடாக் குத்தகைகளை வைத்து எண்ணெய்ப் பொறியாளர்கள் கேப்பன், கிளாப், கேம்ப்பெல் மூவரும் 1971-ல் இதைக் கட்டுரையாக எழுதினார்கள். இங்கே போட்டியாளர் எண்ணிக்கை கூடினால் இன்னும் குறைத்துக் கேட்க வேண்டும். உள்ளுணர்வு எதிர்த்திசையில் இழுக்கும்.

ஒரே தாவலில் விலையை ஏற்றுவது "ஜம்ப் பிட்". அதற்கு ஒரு பழைய உதாரணம் ரோமப் பேரரசே ஏலத்துக்கு வந்த கி.பி. 193. பேரரசர் பெர்ட்டினாக்ஸைக் கொன்ற காவல்படை அரியணையை விலை பேசியது. முகாமுக்குள்ளே சல்பிசியானஸ், வாசலில் டிடியஸ் ஜூலியானஸ். வீரர்கள் இருபுறமும் ஓடி விலை சொன்னார்கள். தலைக்கு 20,000 செஸ்டர்ஸ் என்று சல்பிசியானஸ் வந்ததும், ஜூலியானஸ் சிறு படிகளை விட்டுவிட்டுக் குரல் கொடுத்து, விரலாலும் காட்டி, ஒரே அடியாக 5,000 ஏற்றினார். முடிந்தது. அவர் ஆண்டது 66 நாள், பிறகு கொல்லப்பட்டார்.

டெண்டரில்

இங்கே பிட் என்பது தொகை மட்டுமல்ல, முழு ஆவணக் கட்டு. தமிழில் ஒப்பந்தப்புள்ளி. கட்டு சரியில்லை என்றால் தொகையை யாரும் பார்க்கவே மாட்டார்கள். இரட்டை உறை முறையில் தொழில்நுட்ப உறையில் தோற்றவரின் விலை உறை பிரிக்கப்படாமலே திரும்பும். ஆகவே தொழில்நுட்ப உறைக்குள் விலை எங்கும் தெரியக் கூடாது. ஒரு பின்னிணைப்பில் பழைய கொட்டேஷனின் நகல் ஒட்டிக்கொண்டிருந்தாலும் தள்ளுபடிதான்.

கூட்டல் பிழை இன்னொரு கண்ணி. 1,200 மீட்டர், மீட்டருக்கு 45 என்றால் 54,000. நீங்கள் மொத்தத்தில் 45,000 என்று எழுதிவிட்டீர்கள். பெரும்பாலான ஆவணங்களில் அலகு விலைதான் நிற்கும். மொத்தம் 54,000 என்று திருத்தப்படும், நீங்கள் மலிவானவர் என்ற இடம் போய்விடும். அலகு விலையில் தசமப் புள்ளி தவறி விழுந்தது வெளிப்படையாகத் தெரிந்தால் மட்டும் மொத்தம் நிற்கும். எழுத்தில் உள்ளதும் எண்ணில் உள்ளதும் மோதினால் எழுத்தில் உள்ளது. இந்தத் திருத்தத்தை ஏற்க மறுத்தால் பிட் தள்ளுபடியாகும், பிணைத்தொகையும் போகலாம்.

பிணைத்தொகை என்பது பின்வாங்காமல் இருப்பதற்கான உத்தரவாதம். செல்லுபடிக் காலத்துக்குள் விலகினாலோ, ஜெயித்தும் கையெழுத்திட வராவிட்டாலோ பறிமுதல். காலத்தை எண்ணுவதில்தான் தேவையில்லாத தோல்விகள்: செல்லுபடிக் காலம் உங்கள் கடிதத் தேதியிலிருந்து ஓடாது, சமர்ப்பிக்கும் கடைசி நாளிலிருந்து ஓடும். வங்கி உத்தரவாதம் அதையும் தாண்டி நீள வேண்டும்; உலக வங்கியின் மாதிரி ஆவணங்களில் அது கூடுதலாக 28 நாள். கடைசித் தேதி தள்ளிப்போனால் வங்கி உத்தரவாதத்தின் தேதியையும் மாற்றி வாங்க வேண்டும். இதை மறப்பவர்கள் நிறைய.

"இரும்பு விலை ஏறினால் இந்த விலை பொருந்தாது" என்று முகப்புக் கடிதத்தில் ஒரு வரி சேர்ப்பதும் ஆபத்து. அது நிபந்தனைப் பிட் ஆகிவிடும். சந்தேகம் இருந்தால் விளக்கம் கேட்கும் காலத்திலேயே எழுதிக் கேட்டுவிட வேண்டும்.

மறுபக்கம் உட்கார்ந்து உறைகளைப் பிரிப்பவர்கள் கூட்டுச் சதியைத் தேடுவார்கள். ஒருவர் ஜெயிக்க மற்றவர்கள் வேண்டுமென்றே கூட்டிப் போடுவது "கவர் பிட்". முறை வைத்து ஜெயிப்பது சுழற்சி. ஒரே எழுத்துப் பிழை இரண்டு கட்டுகளில், ஒரே கணக்குத் தவறு, எல்லா இனங்களிலும் மாறாத ஒரே சதவீத இடைவெளி, இரண்டு கோப்புகளையும் உருவாக்கியவர் பெயர் ஒன்று: இவைதான் வழக்கமாகக் காட்டிக்கொடுப்பவை. கவர் பிட் போட்டவர் விலையைக் கவனமாகக் கூட்டியிருப்பார். எழுத்துப் பிழையை நகலெடுத்ததைக் கவனித்திருக்க மாட்டார்.

மிச்சம் மீதி

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் பிட் என்பது 1 முதல் 7 வரை ஓர் எண்ணும் அதனுடன் கிளாவர், டைமண்ட், ஆர்ட்டின், ஸ்பேட் அல்லது நோ டிரம்ப் என்பதில் ஒன்றும். ஆக 35 பிட்கள், கிளாவர் ஒன்றில் தொடங்கி நோ டிரம்ப் ஏழு வரை. எண்ணோடு ஆறைக் கூட்டினால் எடுக்க வேண்டிய பிடிகள். மூன்று நோ டிரம்ப் என்றால் ஒன்பது. பாஸ், டபுள், ரீடபுள் ஆகியவை ஆட்டவிதிப்படி பிட் அல்ல, "கால்" மட்டுமே. கடைசிப் பிட்டுக்குப் பின் தொடர்ந்து மூன்று பாஸ் விழுந்தால் ஏலம் முடிந்தது.

செய்தித் தலைப்பில் பிட் வந்தால் பெரும்பாலும் முயற்சி என்று பொருள். இடத்தைச் சேமிக்கத் துணையாசிரியர்கள் தேடிப்பிடித்த மூன்றெழுத்து அது. அந்தப் பழக்கம் தலைப்புக்குக் கீழே உள்ள செய்தியிலும் கசிந்து "இன் எ பிட் டு" ஆகிவிட்டது. வெறும் "டு" போதும் இடத்தில் இந்த நான்கு சொற்கள் தண்டம். "டேக்ஓவர் பிட்" மட்டும் உண்மையான விலை முன்மொழிவு: பங்குதாரர்களுக்குச் சந்தை விலையைவிடக் கூடுதலாகத் தருவதாகச் சொல்வது. ஒலிம்பிக் பிட்டில் பணம் முன்வைப்பதில்லை, திட்டம் முன்வைப்பது. 2012 ஒலிம்பிக்குக்காக லண்டன் பாரிஸை 54-க்கு 50 என்ற வாக்கில் வென்றது 2005 ஜூலையில்.

மருந்துச் சீட்டில் பி.ஐ.டி. என்று மூன்று எழுத்து இருந்தால் இதற்கும் ஏலத்துக்கும் சம்பந்தமில்லை. "பிஸ் இன் டியே" என்ற லத்தீனின் சுருக்கம், நாளுக்கு இருமுறை என்று பொருள். டி.ஐ.டி. மும்முறை, கியூ.ஐ.டி. நான்கு முறை. நாளுக்கு இருமுறை என்பதும் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பதும் ஒன்றல்ல. காலை எட்டு, இரவு எட்டு என்று கண்டிப்பாக இடைவெளி வேண்டிய மருந்துக்கு மருத்துவர்கள் வேறு குறியீடு எழுதுவார்கள்.